மனமும் நோயும்: இரேவதி அரசி காட்டும் வழி

நோயுற்ற ஒருவரைக் காணச் செல்லும்போது அவரிடம் நாம் கூறும் சொல் சிறு செய்தி போலத் தோன்றும். அகிம்சையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு அது சிறு செய்தியன்று. நீரை வடிகட்டிப் பருகுகின்றவர், இரவு உணவைத் துறந்தவர், ஓரறிவுயிர்க்கும் தம் கையால் ஊறு நேராதவாறு வாழ்கின்றவர், படுக்கையில் கிடக்கும் உறவினரின் நெஞ்சைத் தம் நாவால் புண்படுத்திவிட்டு எழுந்து வருதல் கூடும்.

இந்நாளில் நோயாளியின் அருகே இருவகைச் சொற்கள் அடிக்கடி ஒலிக்கின்றன. "நீங்கள் அடக்கி வைத்த கோபமும் துக்கமுமே இந்த நோயாக வந்திருக்கின்றன" என்பது ஒன்று. "இன்னார் கைவைத்தால் பிரபஞ்ச சக்தி பாய்ந்து நோய் நீங்கிவிடும், மருந்து எதற்கு?" என்பது மற்றொன்று. முதற் சொல் நோயாளியைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாம் சொல் அவரை ஏமாற்றத்திற்கு உள்ளாக்கக் கூடும். எனினும் இரண்டிலும் ஓரளவு உண்மை கலந்திருக்கிறது. அதனாலேயே அவை பரவுகின்றன. அவ்வுண்மை எவ்வளவு, அதற்கு மேற்பட்டது எவ்வளவு என்று பிரித்தறிந்து, நம் அறநெறி இதில் என்ன கூறுகிறது என்று நோக்குவோம்.

சக்திச் சிகிச்சை என்பது யாது?

ஜப்பானியரான மிக்காவோ உசுயி என்பவர் 1922-ஆம் ஆண்டில் தோக்கியோவில் கற்பிக்கத் தொடங்கிய முறை ரெய்கி. அமெரிக்காவில் டோலரஸ் கிரீகர் என்னும் செவிலியர் கல்விப் பேராசிரியையும், பிரம்ம ஞான சபையைச் சார்ந்த டோரா கன்ஸ் என்பவரும் 1970-களில் மற்றொரு கைவைப்பு முறையை உருவாக்கினர். பிலிப்பைன்ஸ் நாட்டின் சோவா கோக் சுயி 1980-களில் பிராண சிகிச்சை என்பதைப் பரப்பினார். 1990-கள் தொடங்கி நம் நகரங்களிலும் இவற்றுக்கு வகுப்புகள் நடைபெற்று வருகின்றன.

இவற்றின் பெயர்கள் வேறாயினும் அடிப்படைக் கூற்று ஏறத்தாழ ஒன்றே. உடலைச் சுற்றிக் கண்ணுக்குப் புலனாகாத ஒரு சக்திப் புலம் உண்டு. துயரும் சினமும் அதில் அடைப்பை உண்டாக்குகின்றன. பயிற்சி பெற்றவர் தம் கையால் அதனை உணர்ந்து சீர் செய்தால் நோய் நீங்கும் என்பதே அது. இக்கூற்றில் இரண்டு பகுதிகள் உள்ளன. உணர்ச்சி உடலைப் பாதிக்கிறது என்பது ஒரு பகுதி. பிறர் கையிலிருந்து பாயும் சக்தி அதனை மாற்றுகிறது என்பது மற்றொரு பகுதி. முதலாவது மெய்யாக இருப்பதால் இரண்டாவதும் மெய்யாகிவிடாது. இரண்டையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

உணர்ச்சி உடலைத் தொடுவது உண்மையே

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் ஒன்றைக் கூறுவேன். தேர்வு நாட்களின் காலையில் எங்கள் பள்ளியில் வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகள் பலர். அவர்களை நடிப்பவர் என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர்களும் உண்டு. அப்பிள்ளைகள் நடிப்பவர் அல்லர். வலி உண்மை, அதன் பிறப்பிடம் மட்டும் வயிறன்று.

இதன் காரணத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அச்சமோ சினமோ எழுந்தவுடன் மூளையின் கட்டளை நரம்புகளின் வழியே சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகளுக்குச் செல்கிறது. அவை அட்ரினலினைச் சொரிகின்றன. இதயம் விரைகிறது, குருதி வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது, செரிமானம் தடைப்படுகிறது. புலியைக் கண்டு ஓடுவதற்கென அமைந்த இவ்வேற்பாடு வினாத்தாளைக் கண்டும் விழித்தெழுகிறது. 1936-இல் ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர், இத்தகைய நெருக்கடி நீடித்தால் உடல் எவ்வாறு சீர்குலைகிறது என்பதை எலிகளைக் கொண்டு காட்டினார். உயிர்களை வருத்திப் பெற்ற அறிவு அது என்பதை எண்ணி நம் மனம் நோகிறது. ஆயினும் அறிந்ததை அறியாதது போல் இருத்தல் இயலாது.

நெருக்கடி நீளும்போது கார்ட்டிசால் என்னும் சுரப்பு குருதியில் மிகுந்து நிற்கிறது. நோயை எதிர்க்கும் ஆற்றலை அது தளர்த்துகிறது. 1995-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. மறதி நோயுற்ற உறவினரை நெடுநாள் பேணிவந்த 13 பெண்களின் முன்கையிலும், அத்தகைய சுமை இல்லாத 13 பெண்களின் முன்கையிலும் ஒரே அளவான சிறு புண் உண்டாக்கி, அது ஆறும் காலத்தைக் கணித்தனர். சுமையற்றவர்க்குச் சராசரியாக 39 நாட்களில் ஆறிய புண், பேணிய பெண்களுக்கு ஆற ஏறத்தாழ 49 நாட்களாயின. மாமியாரையோ கணவரையோ ஆண்டுக்கணக்கில் தூக்கிக் கிடத்திப் பேணும் நம் வீட்டுப் பெண்களை இவ்விடத்தில் நினைத்துக் கொள்ளுதல் தகும்.

பெருந்துயர் இதயத்தையே தாக்குவதும் உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு நோயைக் குறித்து எழுதினர். துணையை இழத்தல் போன்ற அதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் ஓர் அறை ஊதிப் பானை வடிவம் கொள்கிறது. மாரடைப்புப் போன்ற வலி தோன்றுகிறது. எண்காற் கணவாயைப் பிடிக்க அந்நாட்டு மீனவர் இடும் பானையின் பெயரால் அதனைத் தக்கோட்சுபோ என்றனர். மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர்.

இவையெல்லாம் நமக்குப் புதியன அல்ல. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களும் உயிரை வாட்டுவன என்று நம் ஆசாரியர்கள் விரித்துரைத்தனர். அவற்றைத் தணிக்கும் அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே இட்டனர் நம் தமிழ்ப் புலவர்கள். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்தது ஏலாதி என்னும் மருந்து. அப்பெயரால் நூல் செய்தவர் சமணரான கணிமேதாவியார். ஐந்து வேர்களின் பெயரால் சிறுபஞ்சமூலம் செய்த காரியாசானும் சமணரே. மருந்து உடலுக்கு, அறம் உள்ளத்துக்கு என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கவில்லை என்பதையும் நாம் கருதுதல் வேண்டும்.

ஒரு சிறுமியின் சோதனை

இனி இரண்டாம் பகுதிக்கு வருவோம். கையால் சக்திப் புலத்தை உணர இயலுமா என்பதை ஒரு பள்ளிச் சிறுமி ஆராய்ந்தாள் என்பது எனக்கு, ஓர் ஆசிரியை என்ற முறையில், பெருமகிழ்ச்சி தரும் செய்தி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த எமிலி ரோசா அப்போது ஒன்பது வயதினள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அவள் ஒரு சோதனை செய்தாள். கைவைப்பு முறையில் பயிற்சி பெற்றவர் ஒருபுறமும் அவள் மறுபுறமும் அமர, இடையே ஓர் அட்டைத் தடுப்பு இருக்கும். அவர் தடுப்பின் கீழுள்ள துளைகளின் வழியே இரு கைகளையும் நீட்டி வைப்பார். அவள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, அதன்படி அவரது வலக்கைக்கோ இடக்கைக்கோ மேல் தன் கையைத் தொடாமல் பிடிப்பாள். எந்தக் கையருகே தன் கை உள்ளது என்று அவர் உணர்ந்து கூற வேண்டும். அவ்வளவே.

மொத்தம் 21 பேர் 280 முறை முயன்றனர். சரியாகக் கூறியவை 123. அதாவது நூற்றுக்கு 44. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலும் ஏறத்தாழ 140 முறை சரியாக அமைந்திருக்கும். இச்சோதனை 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. சோதனை எளியது என்று குறை கூறியவர்கள் இருந்தனர். ஆனால் எழுப்பிய வினா அடிப்படையானது. உணரவே இயலாத ஒன்றைச் சீர் செய்வது எங்ஙனம்?

நலமாக உணர்தலும் நலமாதலும்

"நான் சென்றேன், என் வலி குறைந்தது, அது பொய்யா?" என்று கேட்போர் உண்டு. பொய்யன்று. 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. மருந்தில்லாப் பொய் மருந்தைப் பெற்றுச் சிலர் வலி குறைந்ததாக உணர்ந்தனர். உடல் தானே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்ஃபினின் செயலைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது அவர்களுக்கு வலி மிகுந்தது. ஆகவே நம்பிக்கையால் வரும் நிவாரணம் வெறும் கற்பனையன்று. மூளையே தன் மருந்தறையைத் திறக்கிறது. அன்பான சொல், அமைதியான அறை, ஒருவர் முழுக் கவனத்துடன் அருகே அமர்ந்திருத்தல் ஆகியவை அதற்குத் துணை செய்கின்றன.

ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. 2011-இல் போஸ்டன் நகரில் வெளியான ஆஸ்துமா ஆய்வு அதனைத் தெளிவாக்குகிறது. 39 நோயாளிகளுக்கு வெவ்வேறு நாட்களில் மெய்யான உறிஞ்சு மருந்தும், மருந்தில்லாப் பொய் உறிஞ்சியும், பொய்யான ஊசிக்குத்துச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. சில நாட்களில் எதுவும் அளிக்கப்படவில்லை. எவ்வளவு நிவாரணம் என்று கேட்டபோது முதல் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவான விடையே கிடைத்தது. கருவியைக் கொண்டு மூச்சை அளந்தபோதோ, மெய் மருந்தால் நூற்றுக்கு 20 பங்கு உயர்ந்த மூச்சு மற்றவற்றால் 7 பங்கே உயர்ந்தது. எதுவும் அளிக்காத நாட்களிலும் அதே 7 பங்குதான்.

நலமாக உணர்ந்தவர்கள் நலமாகிவிடவில்லை என்பதே இதன் பொருள். வலி, மனக்கலக்கம், உறக்கமின்மை ஆகியவற்றில் உணர்வே பெரும்பகுதி. அங்கே இத்தகைய ஆறுதல் பெரும்பயன் தரும். மூச்சுக்குழல் சுருங்குதல், புற்றுக்கட்டி வளர்தல், நீரிழிவு ஆகியவற்றில் உணர்வு ஒருபுறம் செல்ல நோய் மறுபுறம் செல்லும். எங்கள் உறவில் ஓர் அம்மையார் மார்பில் கட்டியைக் கண்டபின் நான்கு மாதங்கள் ஒரு கைவைப்பாளரிடம் சென்றார். "ஒவ்வொரு முறையும் மனம் இலேசாக இருந்தது" என்று பின்னர் கூறினார். அது உண்மையே. அந்நான்கு மாதங்களில் கட்டியும் வளர்ந்தது, அதுவும் உண்மையே.

அவ்வாறாயினும் பிறர்க்கு ஆறுதல் தரும் நம்பிக்கையை ஏன் கலைக்க வேண்டும், அதுவும் ஓர் இம்சையன்றோ என்று வினவலாம். தக்க வினாவே. இதற்கு விடை, அந்த ஆறுதலுக்குப் பொய் தேவையில்லை என்பதாகும். 2010-இல் வெளியான ஆய்வொன்றில் குடல் உபாதை கொண்ட 80 பேரில் ஒரு பகுதியினருக்கு "இதில் மருந்து இல்லை" என்று வெளிப்படையாகக் கூறியே மாத்திரை அளித்தனர். அவர்களுள்ளும் நூற்றுக்கு 59 பேர் போதிய நிவாரணம் பெற்றனர். மாத்திரை பெறாதவர்களில் 35 பேரே பெற்றனர். பேணுதலும் கவனமும் தம்மளவிலேயே பயன் தருவனவாயின், அவற்றோடு ஒரு பொய்யைச் சேர்த்துக் கொடுப்பானேன்? சத்தியத்தைக் காத்துக்கொண்டே ஆறுதல் அளிக்க வழி இருக்கும்போது அணுவிரதம் பூண்டவர் வேறு வழி தேடுதல் தகாது.

பழியை நோயாளியின் மேல் ஏற்றலாமா?

முதலிற் கூறிய சொல்லுக்குத் திரும்புவோம். உணர்ச்சி உடலைப் பாதிக்கும் என்பது உண்மையாயின், "உன் மனமே உன் நோய்க்குக் காரணம்" என்பதும் உண்மைதானே என்பர். இல்லை. பொதுவான ஓர் உண்மையிலிருந்து ஒரு தனி மனிதரைக் குறித்த தீர்ப்பு பிறப்பதில்லை.

வரலாறு இதில் நமக்குப் பாடம் புகட்டுகிறது. காசநோய் துயரால் வாடும் மென்மனத்தாரைப் பற்றுவது என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினர்; 1882-இல் ராபர்ட் காக் அதன் கிருமியைக் கண்டறிந்தார். வயிற்றுப்புண் கவலையால் வருவது என்று என் இளமையில் மருத்துவர்களே கூறினர். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 1982-இல் அதற்கு ஒரு கிருமியே பெருங்காரணம் என்று கண்டனர். 2005-இல் நோபெல் பரிசு பெற்றனர். புற்றுநோய்க்கென ஒரு மன இயல்பு உண்டா என்று ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் ஏறத்தாழ 60,000 பேரைத் தொடர்ந்து நோக்கி 2010-இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. எத்தனை நோயாளிகள் தம் குற்றமென்று எண்ணி வீணே நைந்திருப்பர்!

நம்மவர் இடத்தில் இதே பழி வேறு உருவில் வருகிறது. "எல்லாம் அவரவர் வினை" என்று கூறிவிட்டு நகர்வதைக் காண்கிறோம். அசாதா வேதனீயத்தின் உதயத்தால் துன்பம் வருகிறது என்பது நம் கோட்பாடுதான். ஆனால் எப்பிறவியில் கட்டிய எவ்வினை இன்று பயன் தருகிறது என்பதைக் கேவலஞானியே அறிவார். உடல்நலம் விசாரிக்க வந்தவர் அறியார். மேலும் வினையின் பயன் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகியவற்றைச் சார்ந்து விளைவது. மருந்தும் பேணுதலும் அதற்கு நிமித்தங்கள். அவை வீண் எனில் ஔஷத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்திருக்க மாட்டார்கள். 9-ஆம் நூற்றாண்டில் உக்கிராதித்தர் ஊனும் தேனும் மதுவும் நீக்கிக் கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலைச் செய்திருக்கவும் மாட்டார். சமந்தபத்திர ஆசாரியருக்குப் பஸ்மக நோய் வந்தபோது, அவர் சல்லேகனை பூண அனுமதி வேண்டினார் என்றும், அவருடைய குரு அதற்கு இசையாமல், நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் தவத்தில் நிற்குமாறு பணித்தார் என்றும் நம் மரபு கூறுகிறது. "உன் வினை, அனுபவி" என்று அந்தக் குரு கூறவில்லை.

இன்னும் ஒன்று. தனக்கோ பிறர்க்கோ துன்பமும் சோகமும் அழுகையும் விளைவிப்பதே அசாதா வேதனீயம் வந்து சேரும் வாயில் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. ஆகவே நோயாளியிடம் அவர் வினையைச் சுட்டி அழவைப்பவர், தாம் எதைக் குறித்துப் பேசுகிறாரோ அதையே தமக்கும் ஈட்டிக்கொள்கிறார். வினைக் கோட்பாடு நம்மை நாமே நோக்கப் பிடிக்கும் விளக்கு. பிறரை அடிக்க ஓங்கும் கோலன்று. மேற்கூறிய அம்மையாரிடமும் ஒருவர், மனத்தில் வைத்துப் புழுங்கியதால் வந்தது என்று கூறிச் சென்றார். "நோயைத் தாங்கிக்கொள்கிறேன் அக்கா, இந்தச் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை" என்றார் அவர் என்னிடம்.

இரேவதி செய்தது

அருங்கலச்செப்பு, நற்காட்சிக்கு உரிய எட்டு உறுப்புகளுள் உவர்ப்பின்மையையும் மயக்கமின்மையையும் அடுத்தடுத்து வைக்கிறது. நோயாலும் அழுக்காலும் கெட்ட உடலைக் கண்டு அருவருக்காமை முன்னது. பொய்யான வழியைக் கண்டு மயங்காமை பின்னது. மயக்கமின்மைக்கு எடுத்துக்காட்டாக நிற்பவர் வடமதுரை அரசி இரேவதி.

தென்மதுரையிலிருந்து சென்ற சந்திரப்பிரபன் என்னும் க்ஷுல்லகர் தம் வித்தையால் அவளைச் சோதித்தார். பிரமனாகத் தோன்றினார், திருமாலாகத் தோன்றினார், சிவனாகத் தோன்றினார், இறுதியில் சமவசரணத்துடன் தீர்த்தங்கரராகவே தோன்றினார். ஊரே திரண்டு சென்றது. தீர்த்தங்கரர் இருபத்து நால்வரே, இருபத்தைந்தாமவர் இலர் என்று கூறி இரேவதி வீட்டிலேயே இருந்தாள். மறுநாள் அவரே நோயால் மெலிந்த க்ஷுல்லகராக வந்து அவள் வாயிலருகே வீழ்ந்தார். அவள் ஓடிச் சென்று தூக்கினாள். உள்ளே கொண்டு சென்று பத்தியமான உணவளித்தாள். உண்டதையெல்லாம் அவர் நாற்றம் வீச வாந்தியெடுத்தார். தன் கையாலேயே அதனைத் துடைத்து, "ஒவ்வாத உணவைக் கொடுத்துவிட்டேனே" என்று வருந்தினாள்.

இக்கதையை நாம் பெரும்பாலும் முற்பகுதியோடு நிறுத்திவிடுகிறோம். பிற்பகுதியிலேயே அதன் முழுமை உள்ளது. அற்புதத்தைக் காண ஓரடியும் எடுத்து வைக்காத அதே கால்கள் நோயாளியை நோக்கி ஓடின. நோய்க்குக் காரணம் தேடும்போது அவள் நோயாளியின் வினையைத் தேடவில்லை; தான் அளித்த உணவையே ஐயுற்றாள். நம்மிடையே சிலர் மயக்கமின்மையை மட்டும் கொண்டு, எல்லாம் மூடநம்பிக்கை என்று நகைத்து, நோயாளியைத் தனியே விட்டுவிடுகின்றனர். சிலர் இரக்கத்தை மட்டும் கொண்டு, கேட்டதையெல்லாம் நம்பி, நோயாளியை ஊர் ஊராக அழைத்துச் செல்கின்றனர். இரண்டும் சேர்ந்தாலன்றி நற்காட்சி நிறைவதில்லை.

நாம் செய்யத்தக்கன

ரெய்கி முதலியவற்றால் மன அமைதி பெறுவோரைப் பழிக்க வேண்டுவதில்லை. ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமும், நோயைப் போக்குவதாக உறுதி கூறிப் பொருள் பெறுபவரிடமும், "உங்கள் வினையை நான் நீக்குவேன்" என்பவரிடமும் நம் குடும்பத்தார் செல்லாதவாறு காத்தல் வேண்டும். ஓர் உயிரின் வினையை மற்றோர் உயிர் நீக்குதல் இயலாது என்பது நம் கோட்பாட்டின் அடித்தளம். உடலில் புதிய கட்டியோ, நீங்காத காய்ச்சலோ, காரணமின்றிக் குருதிப் போக்கோ தோன்றினால் முதலில் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

நம் மரபு எலாசாரியர் அருளியதெனப் போற்றும் திருக்குறள், மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைக் கூறுமிடத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவரையும் சேர்க்கிறது. அந்நான்காவது இடமே நம்முடையது. அவ்விடத்தில் நின்று கையைப் பற்றிக்கொள்ளலாம். அதில் சக்தி பாய வேண்டுவதில்லை, அன்பு இருந்தால் போதும். அவர் விரும்பினால் பஞ்ச நமஸ்காரத்தை மெல்ல ஓதலாம். நோய் நீங்கும் என்ற பேரத்திற்காக அன்று, மனம் நிலைபெறுவதற்காக. அவர் பேச விரும்பினால் கேட்கலாம். பல மாதங்களாகப் பேணிவரும் மருமகளையோ மகளையோ ஒரு நாள் ஓய்வெடுக்கச் செய்து, அவ்விரவு நாம் விழித்திருக்கலாம். புண் ஆறுவதற்குப் பத்து நாட்கள் மிகுதியாகும் அந்தப் பெண்ணுக்கு அதனினும் நல்ல சிகிச்சை வேறில்லை.

நோய் ஏன் வந்தது என்ற வினாவை மருத்துவரிடமும், வினை யாது என்ற வினாவைக் கேவலஞானியிடமும் விட்டுவிடுவோம். "இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற வினா ஒன்றே நோயாளியிடம் நாம் கேட்கத் தக்கது.